சாம்பலாறு எந்தப் பக்கம் ஓடியது

டோர்கெல் லிண்ட்வாலின் கோபத்தைக் கிளப்ப ஒரு வாக்கியம் போதும். வேறு ஏதோ ஊரில், வேறு ஏதோ மேசையில், ஆட்டத்தை நடத்துகிறவர் "பதினைந்து நாள் நடந்தீர்கள், கோட்டை வந்துவிட்டது" என்று சொன்னதாக அவன் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். "பதினஞ்சு நாளும் என்னத்தத் தின்னாங்க? செருப்பு தேயலையா? மழையே பெய்யலையா? அதுக்குப் பேரு பயணமா?" என்று பிடித்துக்கொள்வான். கேட்டவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு நழுவும்வரை விடமாட்டான்.

ஆட்டம் என்றால் பந்தும் இல்லை, சீட்டும் இல்லை. ஹூடிக்ஸ்வால் என்ற வடக்கத்திக் குளிர் ஊரில், நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஊர்க்காரர்கள் கூடிப் பழகும் படிப்பு வட்டங்களுக்கென்று விட்டிருக்கிற அறையில், ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு நான்கு பேர் உட்கார்ந்து வாயாலேயே ஆடுவது. மூன்று பேருக்கு ஆளுக்கொரு வேடம். ஒருத்தி மருந்துக்காரி, ஒருவன் குதிரை வியாபாரி, இன்னொருத்தி ஊரைவிட்டு ஓடிவந்த ஒரு கோமகள். மிச்சமிருக்கிற உலகம் முழுவதும் டோர்கெல். ராஜா அவன், வழிப்பறிக்காரன் அவன், பெய்கிற மழையும் அவன். சந்தேகம் வருகிற இடத்தில் பகடை உருளும். இப்படி ஒரே கதையை முப்பது வருடத்துக்கு மேலாக நடத்திவருகிறான். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். வரைபடம் மட்டும் அதேதான்.

அந்த வரைபடத்தை அவன் இருபத்தைந்து வயதில் வரைந்தான். சமையலறை மேசை அகலம், முழுக்க அறுகோணக் கட்டங்கள். மலைகளும் கரைகளும் கறுப்பு மசியில். ஆறுகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று காட்டும் அம்புக்குறிகள் மட்டும் பென்சிலில். அவற்றுக்கும் மசி ஏற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே முப்பது வருடம் போய்விட்டது. அதன்மேல் யாரும் காபிக் கோப்பை வைக்கக் கூடாது. மாவு ஒட்டும் சீஸ் வறுவலைக் கையால் தின்றுவிட்டுத் தொடவும் கூடாது. அதனால்தான் குதிரை வியாபாரியாக ஆடும் ரூனே சீன உணவகத்துக் குச்சிகளால் வறுவல் தின்னப் பழகிக்கொண்டான்.

டோர்கெலின் பிழைப்பும் இதேதான். மாவட்டப் பேருந்து அலுவலகத்தில் கால அட்டவணை போடுகிறான். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்வான்: "போற நேரம் வேற, வர்ற நேரம் வேற. கோடை வேற, பனி வேற. ஒன்னப் பாத்து இன்னொன்ன எழுதுனீங்கன்னா ஒரு கெழவி மழையில நிப்பா." அந்தக் கிழவியை அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவள் எந்த நிறுத்தத்தில் நிற்கிறாள் என்றுகூட ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஆட்டத்திலும் அதே கறார். எந்த நிலத்தில் எந்தப் பருவத்தில் ஒரு நாளைக்கு எத்தனை கட்டம் என்று அவனே சட்டம் எழுதி வைத்திருந்தான். வழிப்போக்கனுக்கு நாள் கணக்குத் தப்பிவிடும் என்பதால், ஆட்டக்காரர்களுக்கும் நாளைச் சொல்ல மாட்டான். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நோட்டில் குறித்துக்கொண்டே வருவான். போய்ச் சேர்ந்த பிறகு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, இன்று எத்தனையாம் நாள் என்று அறிவிப்பான். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவன் வாரம் முழுவதும் உயிர் வாழ்கிறான் என்று ரூனே சொல்வான்.

சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. 2009-இல் ரூனேயின் குதிரை வியாபாரி தன் கல்யாணத்துக்கு ஒரே ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தான். மணப்பெண் வேறொருவன் கையைப் பிடித்துவிட்டாள்.

"யோவ், ஒரு நாள்யா! ஒரே ஒரு நாள்! குதிரை கொஞ்சம் வேகமா ஓடுச்சுன்னு வச்சுக்கோயேன்," என்று கெஞ்சினான் ரூனே.

"நாள்னா நாள்தான்," என்றான் டோர்கெல்.

ரூனே இரண்டு மாதம் வரவில்லை. பேரங்காடியின் மீன் பகுதியில் வேலை பார்க்கிறவன். அங்கே டோர்கெல் போய் நின்றால் நெத்திலியைக்கூட முதுகைக் காட்டிக்கொண்டு எடைபோட்டான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வறுவல் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தான். அந்தப் பெண்ணை இன்னும் மறக்கவில்லை.

இங்கெலாவின் கதை வேறு. ஐம்பத்து நான்கு வயது, பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை. மருந்துக்காரி அஸ்தா அவளுடைய வேடம். அஸ்தாவுக்கு ஓர்ம் என்று ஓர் அண்ணன். படகு கட்டுகிறவன்; ஆறு வருடமாக ஒரே படகைக் கட்டிக்கொண்டிருக்கிறான். ஓர்மின் குரல் டோர்கெலுடையது. இருவரும் சண்டை போட ஆரம்பித்தால் மற்றவர்கள் ஆட்டத்தை மறந்துவிட்டுக் கேட்பார்கள். இங்கெலாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது.

அவளுக்கு ஒரு அப்பா இருந்தார், இன்னும் வடக்கே ஊமியோவில். பிப்ரவரியில் அங்கிருந்து காலையில் தொலைபேசி வந்தது, உடனே வரச் சொல்லி. சாலையெல்லாம் பனி என்று ரயிலில் போனாள். ஏழு மணி ரயில். வழியில் தண்டவாளத்தில் காட்டுமான் அடிபட்டு ஐம்பது நிமிடம் நின்றது. பன்னிரண்டுக்கு அவள் அறைக்குள் நுழைந்தபோது அப்பா போய் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

மார்ச்சில் அவள் திரும்ப ஆட்டத்துக்கு வந்த முதல் ஞாயிறு, கோப்பை கழுவும்போது டோர்கெலிடம் கேட்டாள்: "கார்ல போயிருந்தா எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

அவள் எதற்குக் கேட்கிறாள் என்று யோசிக்கத் தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருப்பான். டோர்கெலிடம் நேரத்தைக் கேட்டால் எண் வந்து விழும். "முந்நூத்தம்பது கிலோமீட்டர். நாலு மணி பத்து நிமிஷம்," என்றான். ஏழும் நாலு பத்தும் பதினொன்று பத்து. அப்பா போவதற்குப் பத்து நிமிடம் முன்னால். இங்கெலா அந்தக் கோப்பையை வெகு நேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபரில் ஓர்முக்குக் காய்ச்சல் கண்டது. ஆட்டத்தில்தான். இரண்டு ஏரிகளுக்கு நடுவே தட்டையான சமவெளி. இந்த ஏரிக்கரை மடத்தில் மருந்து, அந்த ஏரிக்கரையில் ஓர்ம். பன்னிரண்டு நாள் தாங்குவான் என்று மடத்து வைத்தியர் சொல்லிவிட்டார். சமவெளி ஓரத்துக் குன்றின் முகட்டு வழியாக நடக்கலாம், அல்லது சாம்பலாற்றில் படகு பிடிக்கலாம்.

"நடந்துருவோம். தண்ணிய நம்ப முடியாது," என்றான் ரூனே.

"இல்ல, ஆறுதான்," என்றாள் இங்கெலா. தன் கையால் பிரதி எடுத்து வைத்திருந்த சின்ன வரைபடத்தில் விரல் வைத்து ஏதோ எண்ணினாள். "நான் சொல்றேன், ஆறு. என் பொறுப்பு."

கோமகள் வேடம் மிர்யமுடையது. மேலே நூலகத்தில் வேலை செய்கிற பெண், சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அவளும் தலையாட்டினாள். படகு கிளம்பியது. டோர்கெல் அன்று நன்றாகவே நடத்தினான். படகுக்காரனுக்குப் பல்வலி, ஒரு திருப்பத்தில் சுங்கக்காரர்கள், இரவெல்லாம் மூடுபனி. கடைசியில் படகு கரை தட்டியது. டோர்கெல் தடுப்புக்குப் பின்னால் நோட்டைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"இன்னிக்குப் பதினாலாம் நாள். கரையில யாரும் இல்ல. பட்டறைக் கதவு மூடியிருக்கு. ஓர்மைப் பொதச்சு ரெண்டு நாள் ஆச்சு."

இங்கெலா பென்சிலைக் கீழே வைத்தாள். "பதினாலா?"

"பதினாலு."

"முகட்டு வழியா போயிருந்தா?"

"பத்து," என்றான் டோர்கெல். எண் கைவசம் இருந்தது, சொன்னான்.

அவள் எழுந்து போய்க் கோப்பைகளைக் கழுவினாள். இன்னும் யாரும் காபியை முடித்திருக்கவில்லை.

புதன்கிழமை மதியம், அலுவலகத்தில் ரொட்டியைக் கடித்துக்கொண்டே டோர்கெல் நோட்டுகளைச் சரிபார்த்தான். அவனிடம் பதினேழு நோட்டுகள் இருந்தன. இதுவரை யார் எங்கே எத்தனை நாளில் போனார்கள் என்பது முழுவதும். சாம்பலாற்றுப் பயணத்துக்கு அவன் புதிதாகக் கட்டம் எண்ணவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வேறு யாரோ அதே ஆற்றில் போயிருந்தார்கள். ஒன்பதாம் நோட்டில் 'படகு, பதினான்கு நாள்' என்று இருந்ததை அப்படியே எடுத்து எழுதியிருந்தான். இப்போது அந்த வரியின் ஆரம்பத்தையும் படித்தான். அவர்கள் மறுபக்கத்திலிருந்து வந்தவர்கள். எதிரோட்டத்தில் வந்தவர்கள். எதிரோட்டத்தில் நாளைக்கு ஒரு கட்டம், ஓட்டத்தோடு போனால் இரண்டு. அவனே எழுதிய சட்டம்.

ஏழு நாள். அஸ்தா ஏழாம் நாளே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கையில் இன்னும் ஐந்து நாள் இருந்திருக்கும்.

காது மடல் இரண்டும் கொதித்தன. போகிற நேரத்துக்கு வருகிற நேரத்தை எழுதியிருக்கிறான். மழையில் நின்ற கிழவி வேறு யாரும் இல்லை, இங்கெலா. எதிர் மேசையில் ஒருத்தி கணினியைப் பார்த்து ஏதோ சிரித்தாள். தன்னைப் பார்த்துத்தான் என்று அவனுக்குத் தோன்றியது. ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டான்.

ஒரு தொலைபேசி போதும். "இங்கெலா, நான் தப்பா எண்ணிட்டேன், ஓர்ம் உயிரோட இருக்கான்." பன்னிரண்டு சொல்லுக்குள் முடிகிற விஷயம். எண்ணைத் தேடி எடுத்தான், பார்த்தான், கைப்பேசியைத் திரும்பப் பைக்குள் போட்டான். ரூனே என்ன சொல்வான்? 2009-க்கு என்ன பதில்? நாள்னா நாள்தான் என்று முப்பது வருடமாக அடித்துச் சொன்ன வாயால் எப்படி? போகட்டும், செத்தது ஒரு பேச்சு மனிதன்தானே. டோர்கெலின் குரலைத் தவிர அவனுக்கு உடம்பு ஏது?

இப்படியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனவன் அதோடு நின்றிருந்தால்கூட மன்னித்துவிடலாம். வரைபடத்தை மேசைமேல் விரித்தான். ரப்பரை எடுத்தான். சாம்பலாற்றின் அம்புக்குறிகள் மூன்று. மூன்றையும் அழித்துவிட்டு, மறுபக்கம் பார்த்து வரைந்தான். முப்பது வருடமாக ஒரு பக்கம் ஓடிய ஆற்றை, ஒரு மன்னிப்புக் கேட்கப் பயந்து, திருப்பி ஓடவிட்டான். ஐம்பத்தெட்டு வயது மனிதன். ரப்பர்த் துகளை ஊதித் தள்ளும்போது தன் வாய் குவிந்திருந்ததை அடுப்படி ஜன்னல் கண்ணாடியில் பார்த்தான். விளக்கை அணைத்துவிட்டு வேறு அறைக்குப் போனான்.

அடுத்த ஞாயிறு, ஓர்மின் புதைமேட்டில் கல் நட்டுவிட்டு மூவரும் திரும்பக் கிளம்பினார்கள். ஆற்று வழியே.

"இந்தத் தடவை ஏழு நாள்," என்று டோர்கெல் வழக்கத்துக்கு மாறாக முன்கூட்டியே சொன்னான். சொல்லி முடித்துவிட வேண்டும் என்று அவசரம்.

மிர்யம் நெற்றியைச் சுருக்கினாள். "போறப்ப பதினாலு, வர்றப்ப ஏழா? அப்போ நாம எதிரோட்டத்துலயா போனோம்?"

"அம்பப் பாரு. அப்படித்தான் போட்டிருக்கு," என்றான் டோர்கெல், தடுப்புக்குப் பின்னாலிருந்து.

மூவரும் பெரிய வரைபடத்தின்மேல் குனிந்தார்கள். இங்கெலா தன் பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இதையும் பார்த்தாள், அதையும் பார்த்தாள். இதோ கண்டுபிடித்துவிட்டாள், கேட்கப்போகிறாள் என்று டோர்கெல் பகடையை இறுகப் பிடித்தான்.

"ஐயோ," என்றாள் இங்கெலா. "நான்தான்."

"என்ன நான்தான்?" என்றான் ரூனே.

"நான் பிரதி எடுக்கறப்ப அம்ப மாத்திப் போட்டிருக்கேன் பாரு. எனக்கு ஏழு நாள்னு வந்துச்சு. அதான் ஆறு ஆறுன்னு உங்க ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டுப் போனேன்." முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. "மன்னிச்சிருங்கப்பா. ரூனே, நீ நடக்கலாம்னுதான் சொன்ன."

"அட விடு," என்றான் ரூனே. அவன்கூடக் கிண்டல் செய்யவில்லை.

"டோர்கெல், அந்த ரப்பரக் கொஞ்சம் குடேன்."

கொடுத்தான். அதே ரப்பர். அதன் ஒரு முனையில் புதன்கிழமை ஆற்றின் கரி இன்னும் இருந்தது. இங்கெலா தன் பிரதியிலிருந்த மூன்று அம்புகளை அழித்தாள், சரியாக இருந்த மூன்றையும்; பிறகு அவனுடைய பொய்யைப் பார்த்துப் பார்த்துத் திருப்பி வரைந்தாள். ரப்பரைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். "தேங்க்ஸ்," என்றாள்.

நான்கு மணிக்கு, அறைக்காக நூலகத்துக்குக் கொடுக்கும் வருகைத் தாளில் நான்கு பேர் பெயரையும் எழுதி, படிப்பு வட்டத்தின் தலைவர் 'மேற்கண்டவை உண்மை' என்ற அச்சு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். டோர்கெல் போட்டான்.

அந்த வாரம் அவன் யாரிடமும் நிமிர்ந்து பேசவில்லை. அலுவலகத்தில் ஒரு புதுப் பையன், "இந்த வழித்தடத்துக்குத் திரும்பி வர்ற நேரமும் இதேதானே?" என்று கேட்டபோது, கிழவியைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. "நீயே எண்ணிப் பாத்துக்கோ," என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை புனிதர் நாள். மூன்றரைக்கே வெளிச்சம் போய்விட்டது. ஊரே கல்லறைகளில் மெழுகுவத்தி வைக்க வந்திருந்தது. டோர்கெல் தன் அம்மாவுக்கு ஒன்று வைத்துவிட்டுத் திரும்பும் வழியில், தூரத்து ஊர்களில் புதைந்தவர்களுக்காக வைக்கும் பொதுத் தோப்பில் இங்கெலா குனிந்து நிற்பதைப் பார்த்தான். சுற்றிப் போக நினைத்தான். அவள் பார்த்துவிட்டாள்.

"காத்துல நிக்க மாட்டேங்குது," என்றாள் தீக்குச்சியைக் காட்டி. அவன் உள்ளங்கையால் மறைத்துப் பிடித்தான். திரி பற்றியது.

"அப்பா ஊமியோவுல இருக்கார். இங்கேருந்து ஒண்ணு வச்சாப் போதும்னு நெனச்சேன். மறுபடியும் அவ்வளவு தூரம் கெளம்ப பயமா இருக்கு." மெல்லச் சிரித்தாள். "எனக்கு எப்பவுமே இப்படித்தான் டோர்கெல். எந்த வழி சீக்கிரம்னு தேர்ந்தெடுக்கத் தெரியாது. ஒரு அம்பக்கூட நேராப் பாத்து வரையத் தெரியல. ரயிலா காரான்னு எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும் சொல்லு."

இப்போது சொல்லிவிடலாம். சுற்றிலும் யாரும் கவனிக்கவில்லை. வாயைத் திறந்தான்.

"ரொம்பக் குளிருது," என்றான்.

"ஆமா," என்றாள்.

"நாளைக்குப் பாப்போம்," என்று சொல்லிவிட்டு நடந்தான். வாசல் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகும் கோட்டைக் கழற்றாமல் முன்னறை முக்காலியில் உட்கார்ந்திருந்தான். வெட்கம் என்ற ஒன்றை அவன் அதுவரை பட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. ரூனே முன்னால் மானம் போகுமே என்று அழித்தவன், அதைவிடப் பெரிதாக ஒன்றை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். சரியாக எண்ணியவள் அவள். தன் எண்ணிக்கையை அவள் இனி ஒருபோதும் நம்பப் போவதில்லை.

மறுநாள் அவன் பன்னிரண்டேகாலுக்கே போய் உட்கார்ந்துவிட்டான். வரைபடத்தை விரித்தான். தடுப்பை நிறுத்தவில்லை. ஒன்பதாம் நோட்டையும் பதினேழாம் நோட்டையும் திறந்து மேசை நடுவில் வைத்தான். மூவரும் வந்து, பூட்ஸை வாசலில் விட்டு, காபியை ஊற்றிக்கொண்டு உட்காரும்வரை காத்திருந்தான்.

"என்னய்யா, மூஞ்சி இப்படி இருக்கு? ராஜா செத்துட்டாரா?" என்றான் ரூனே.

"இங்கெலா அம்ப மாத்தி வரையல," என்றான் டோர்கெல். "நான்தான் மாத்துனேன். போன ஆட்டத்துக்கு முந்தின புதன்கிழமை. ரப்பர வச்சு."

ரூனேயின் குச்சிகளுக்கு நடுவிலிருந்த வறுவல் அப்படியே நின்றது.

டோர்கெல் மேசையைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் சொன்னான். ஒன்பதாம் நோட்டு, எதிரோட்டம், ஏழு நாள், தொலைபேசியை எடுத்து வைத்தது, அம்பு, ரப்பர். அவள் தன் பிரதியை அழித்தபோது வாயை மூடிக்கொண்டு பார்த்தது. நேற்று தோப்பில் நின்று குளிருகிறது என்று சொன்னது. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல இலகுவாகும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தான், அப்படி ஆகவில்லை.

ரூனேதான் முதலில் வெடித்தான். "நாள்னா நாள்தான்னு சொன்னியே! ரெண்டு மாசம் நான் உன் மூஞ்சியில முழிக்கல! எனக்காக ஒரு குதிரைய வேகமா ஓட விடலையே நீ! உனக்குன்னு வந்ததும் ஆத்தையே திருப்பிப் போட்டுட்ட!"

"ஆமா," என்றான் டோர்கெல்.

"ஆமாவா!"

"அவ மன்னிப்புக் கேட்டா," என்றாள் மிர்யம் மெதுவாக. "நம்மகிட்ட. நீ உக்காந்து பாத்துக்கிட்டிருந்த."

அதற்கும் அவன் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. இங்கெலா தன் பிரதியை எடுத்து, அம்பு இருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். ரப்பர் தேய்த்ததில் தாள் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது.

"ஏழுன்னு நான் எண்ணினது சரி," என்றாள்.

"சரி."

"பிப்ரவரியில நான் உன்ன ஒண்ணு கேட்டேன். கார்ல எவ்வளவு நேரம்னு. நாலு மணி பத்து நிமிஷம்னு சொன்ன."

"மார்ச்சுல கேட்ட," என்றான் டோர்கெல், பழக்கதோஷத்தில். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அதுவாவது சரியா?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். முந்நூற்றைம்பது கிலோமீட்டர், எண்பத்து நாலு கிலோமீட்டர் வேகம், நாலு பத்து. அவனுக்குத் தலைகீழாகத் தெரிந்த எண். அப்போதுதான் உறைத்தது. அது கோடை எண். உலர்ந்த சாலை, நல்ல வெளிச்சம். அவள் கேட்டதோ பிப்ரவரிப் பயணத்தைப் பற்றி. கோடை வேறு பனி வேறு என்று முப்பது வருடம் பாடம் எடுத்தவன், அப்பாவை இழந்து வந்தவளிடம் ஜூன் மாதத்துக் கணக்கைச் சொல்லி அனுப்பியிருக்கிறான். அவள் அதை எட்டு மாதமாகச் சுமந்திருக்கிறாள்.

"இல்ல," என்றான். "அது கோடைக்கு. பனியில அவ்வளவு வேகமாப் போக முடியாது. அஞ்சு மணி நேரமாவது ஆகும். இங்கெலா, கார்ல போயிருந்தாலும் நீ..."

"இரு." அவள் கையைத் தூக்கினாள். "இது நெசமா? இல்ல எனக்காக இப்ப மாத்திச் சொல்றியா?"

டோர்கெல் தன் வாழ்க்கையில் சொன்ன எண்களிலேயே இந்த ஒன்றைத்தான் யாராவது நம்ப வேண்டும் என்று உண்மையாக ஆசைப்பட்டான். "அட்டவணை இருக்கு, காட்டறேன். நானே போட்டது, பனிக்கால..." என்று ஆரம்பித்தான்.

"நீ போட்டதா?" என்றாள் இங்கெலா.

குரலில் கோபம்கூட இல்லை. டோர்கெல் தலை குனிந்துகொண்டான்.

அவள் தன் பிரதியைத் திருப்பிப் போட்டாள். பென்சிலை எடுத்தாள். மிர்யம் கைப்பேசியில் ஏதோ தேடிக் கொடுக்கப் போக, வேண்டாம் என்று தலையசைத்தாள். "முந்நூத்தம்பது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். "பனியில நான் எழுபதுக்கு மேல ஓட்ட மாட்டேன். அப்பாவே திட்டுவார், ஆமைன்னு." வகுத்தாள். அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ரூனே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விடை என்ன என்று டோர்கெலுக்கு அவள் பென்சிலை வைப்பதற்கு முன்பே தெரியும். ஆனால் இந்த அறையில் அதைச் சொல்லும் தகுதி அவனுக்கு இல்லை. ஒரு முறை வகுத்ததை அவள் அழிக்காமல், கீழே இன்னொரு முறை வகுத்துப் பார்த்தாள்.

"அஞ்சு மணி நேரம். ஏழுக்குக் கெளம்பினா பன்னெண்டு," என்றாள். "ரயில்லயும் பன்னெண்டு."

இங்கெலா மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, தாளை மறுபடி வரைபடப் பக்கத்துக்குத் திருப்பினாள். மூன்று அம்புகளையும் தானே, ரப்பர் இல்லாமல், பொய் அம்பின்மேலேயே பழைய திசையில் அழுத்திப் போட்டாள். பிறகு பெரிய வரைபடத்திலும் போட்டாள். டோர்கெல் தடுக்கவில்லை. அதற்கு அவள் மசிப் பேனாவை எடுத்திருந்தாள்.

"அப்போ மருந்தக் குடுத்து ஓர்மைக் காப்பாத்திரலாம், அவ்வளவுதானே," என்றான் ரூனே. "கல்லப் பிடுங்கிப் போட்டுரலாம்."

"வேண்டாம்," என்றாள் இங்கெலா. "மருந்து கேக்கல. சில பேருக்குக் கேக்காது. அவன் பன்னெண்டாம் நாள் போகட்டும். ஆனா நான் ஏழாம் நாளே வந்துட்டேன். அந்த அஞ்சு நாள் எனக்கு வேணும். ஒவ்வொரு நாளா. ஒண்ணையும் தாண்டிப் போகாத."

டோர்கெல் மெல்ல ஒன்பதாம் நோட்டை மூடினான். பதினேழாம் நோட்டையும் மூடினான்.

"படகு கரையில தட்டியாச்சு," என்றாள் இங்கெலா. "பட்டறைக் கதவு தெறந்திருக்கு. ஓர்ம் முழிச்சிருக்கானா?"

"முழிச்சிருக்கான்," என்றான் டோர்கெல் மேசையைப் பார்த்து.

"என்னப் பாத்துச் சொல்லு."